விடை சொல்லும் கடமை

சனவரி 11

அக்கா,

அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று பேசிப் பிரிந்த நாளிலிருந்து நீயும் நானும் தொலைபேசியில் பேசுவதில்லை. அந்த வழக்கை இங்கே நான் திறக்கப் போவதில்லை. இது வேறு வழக்கு. இதில் நீ நடுவர். நான் முறையிட வந்தவன்.

உன் தலைமையில் இயங்கும் இணையத் தரநிலைக் குழு, கருவிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைக்குப் புதிய பதிப்பு எழுதி முடித்திருக்கிறது. அந்த வரைவை வரி விடாமல் படித்தேன். மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்ப்பவனுக்கு இது எதற்கு என்று உன் தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் சொல்கிறேன்.

பழைய பதிப்பில் ஒரு விதி உண்டு. தனக்கு வேண்டாத பதிப்பில் ஒரு கருவி வந்து கதவைத் தட்டினால், மறுமுனையில் இருக்கும் வழங்கி, அதாவது சர்வர், அதை உள்ளே விடத் தேவையில்லை. ஆனால் ‘விடமாட்டேன்’ என்று விடை சொல்லியாக வேண்டும். புதிய வரைவில் அந்த விதியை எடுத்துவிட்டீர்கள். இனி வழங்கி வாய் திறவாமல் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

போனது ஒரு வரிதானே என்று எண்ணாதே. நுரையீரல் நோயாளிகளின் வீடுகளில் நாங்கள் வைத்திருக்கும் கருவியை நீ பார்த்திருக்கிறாய். அப்பாவின் நாற்காலியருகே இருப்பதும் அதுதான். மூச்சுத் தளர்ந்தால் அது எங்கள் வழங்கிக்குச் சொல்லும், இங்கே மணி ஒலிக்கும், ஆள் ஓடும். அதைச் செய்த நிறுவனம் என்றோ கடையைக் கட்டிவிட்டது. அதற்குப் புதிய பதிப்பைக் கற்பிக்க இனி எவருமில்லை. மறுப்பு வந்தால் அது அலறும். வீட்டார் எங்களை அழைப்பர். மறுப்பும் வராவிட்டால், வழியில் நெரிசல் போலும், பிறகு பார்ப்போம் என்று அது தன்னைத் தானே தேற்றிக்கொண்டு பச்சை விளக்கை எரியவிடும். மூச்சு நின்றாலும் எரியவிடும்.

மறுப்புள்ளோர் இம்மாத முடிவுக்குள் குழுவின் பொது மின்னஞ்சற்பட்டியலில் சொல்க என்று இறுதி அழைப்பு விடுத்திருக்கிறாய். நான் அங்கே எழுதலாம். எழுதினால், தலைவரின் தம்பி வீட்டுச் சண்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தான் என்பர்; அல்லது நீயே என்னைத் தூண்டிவிட்டாய் என்பர். அந்தப் பட்டியலில் விழுந்த சொல் என்றைக்கும் அழியாது. நீ தலைகுனிய நான் காரணமாக மாட்டேன். அதனால்தான் உனக்குத் தனியே எழுதுகிறேன். அந்த ஒரு விதியைக் காப்பாற்று.

கை தூக்காமல், வாக்கெடுக்காமல், வாயை மூடி முரன்று முடிவெடுப்பது உங்கள் குழுவின் வழக்கம் என்று அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார், இருமல் வந்துவிட்டது. “ம்ம்-னு சொன்னா முடிவா? நான் கண்டக்டரா இருந்த பஸ்ஸுல சில்லறை இல்லன்னு சொன்னாலே இதைவிடப் பெரிய சத்தம் வருமேடா” என்றார்.

தம்பி


பிப்ரவரி 6

தம்பி,

உன் உறை வந்து நெடுநாளாயிற்று. நேற்றுத்தான் பிரித்தேன். நீ தவறாக எண்ணாதிருக்கக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

“தம்பி உன் வேலையைப் பத்தி என்னமோ பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருக்கான்மா, வந்ததும் படிச்சுப் பாரு” என்று அப்பா தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் உள்ளே இருப்பது குழுவைப் பற்றிய வேண்டுகோள் என்று அறிந்துகொண்டேன். இறுதி அழைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த வேளையில் தலைவர் தனியே ஒருவர் சொல்லைக் கேட்கலாகாது. அதிலும் உடன்பிறந்தவன் சொல்லைக் கேட்கவே கூடாது. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அழைப்பு முடிந்து, கூட்டமும் முடிந்த பிறகே பிரித்தேன். நீயும் என் இடத்தில் இருந்தால் இதையே செய்திருப்பாய் என்று நம்புகிறேன். நாம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

நடந்ததைக் கேள். பட்டியலில் அந்த விதிக்காக ஒருவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. கூட்டத்திலும் கேட்டேன். சன்னல் இல்லாத விடுதிக் கூடம்; வரிசை வரிசையாக நாற்காலிகள்; நடுவில் ஒலிவாங்கி. ‘விதியை எடுத்துவிடலாம் என்போர் முரலுங்கள்’ என்றேன். தேன்கூடு கலைந்தாற்போல் கூடம் அதிர்ந்தது. ‘விதி இருக்கட்டும் என்போர்’ என்றேன். பின்வரிசையில் ஒருவர், அவரும் முரன்றாரா தொண்டையைச் செருமினாரா என்று எனக்குத் தெரியவில்லை. இணக்கம் ஏற்பட்டது என்று அறிவித்தேன்.

அவர்கள் கொடியவர்கள் அல்லர். அறியாதவன் தட்டினாலும் விடை சொல்லும் வழங்கியை, போக்கிரிகள் வேறொருவன் பெயரில் தட்டுகிறார்கள். விடைகள் எல்லாம் வெள்ளமாய்ப் போய் அந்த வேறொருவனை மூழ்கடிக்கின்றன. அண்மையில் ஒரு நகரத்தின் தீயணைப்பு நிலையமே அப்படி மூழ்கிற்று. அதைத் தடுக்கவே விதியை எடுத்தார்கள்.

உன் மடலை நேற்றிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆனால் பட்டியலில் சொல்லப்படாத மறுப்பை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பேன்?

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

பூட்டி வைத்தாயா? ‘அந்த விதி ஓர் உயிரைக் காக்கிறது’ என்று நான் எழுதிய தாள் உன் கைக்கெட்டும் தொலைவில் கிடக்க, ‘இணக்கம் ஏற்பட்டது’ என்று கூட்டத்தில் அறிவித்தாயா?

கேளாதிருப்பதா நடுநிலை? கேட்டபின்பும் சாயாதிருப்பதன்றோ நடுநிலை. காதைப் பொத்திக்கொண்டவர் எவரும் நடுவர் ஆகிவிடுவதில்லை. உங்கள் குழுவின் நெறி என்ன? கூட்டத்தின் பெருமுரலுக்கு மயங்காதே, ஒற்றைக் குரலில் உண்மை இருந்தால் அதற்கு விடை சொல் என்பதுதானே? அதற்காகத்தானே வாக்கெடுப்பை ஒழித்தீர்கள்? அந்த ஒற்றைக் குரல் உன் வீட்டு வாசலுக்கே வந்தது. நீ அதற்கு இழுப்பறையைக் காட்டினாய்.

உன் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. உன் நேர்மையைக் கண்டே அஞ்சுகிறேன். அழுக்குப் படாத கை அது. ஆனால் விழுகிறவனைப் பிடிக்கவும் நீளாத கை.

முந்தாநாள் பட்டியலிலேயே எழுதிவிட்டேன். என் பெயரில், ஒளிக்காமல். இதுவரை ஒரே ஒருவர் விடையெழுதினார். ‘கருத்துக்கு நன்றி. இறுதி அழைப்பு முடிந்துவிட்டது. அத்தகைய பழைய கருவிகளை மாற்றிவிடுதலே நலம்.’ மிகப் பண்பான விடை. கருவியை மாற்றுங்கள் என்று எங்கள் மேலாளரிடம் கேட்டேன். “ஓடுற கருவியை எதுக்குப்பா மாத்தணும்? ஓடலன்னா வந்து சொல்லு” என்றார். ஓடாதபோது அது சொல்லாது என்பதுதானே என் முறையீடு. அதை அவரிடம் விளக்கினேன். “நீ ரொம்ப யோசிக்கிற” என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

புதிய தொழில்நுட்பக் காரணம் வந்தால், முடிந்த கேள்வியைத் தலைவர் மீண்டும் திறக்கலாம். உங்கள் விதியே அப்படிச் சொல்கிறது, அதையும் படித்துவிட்டேன். திற.

தம்பி


ஏப்பிரல் 2

தம்பி,

திறக்கலாம். வேறொருவர் எழுதியிருந்தால் திறந்திருப்பேன். எழுதியவன் என் தம்பி. விதி காப்பது என் அப்பாவை. அதை நான் திறந்தால், இனி இந்தக் குழு எழுதும் எந்த வரியையும் எவரும் நம்பமாட்டார். துணைத் தலைவரிடம் கொண்டுபோனேன். “உங்க தம்பின்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு மேடம். இப்போ நான் திறந்தாலும் நீங்க திறந்ததாத்தான் பேசுவாங்க” என்றார். நீ முதலிலேயே பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். என் மானத்தைக் காக்க உன்னை யார் கேட்டார்?

கேட்டபின் சாயாதிருப்பதே நடுநிலை என்று எழுதினாய். உண்மை. கேட்டால் சாய்ந்துவிடுவேன் என்று அஞ்சியே பூட்டினேன். இதற்குமேல் என்னை என்ன சொல்லித் திட்ட வேண்டுமோ, திட்டிக்கொள்.

ஆவணம் எண் பெற்று வெளிவந்துவிட்டது. வெளிவந்த ஆவணத்தில் ஒரு புள்ளியும் மாறாது. அது எங்கள் குழுவின் பெருமை. மாற்றம் வேண்டுமானால் புதிய வரைவு, புதிய வாதம், புதிய எண். ஆண்டுகள் ஆகும்.

அப்பாவுக்கு மட்டுமாவது ஒரு வழி செய்கிறேன். புதிய பதிப்புப் பேசும் கருவி ஒன்றை உன் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். மாட்டிவிடு. இதில் மட்டும் என்னோடு வாதாடாதே.

அக்கா


ஏப்பிரல் 20

அக்கா,

பெட்டி வந்தது. திருப்பி அனுப்புகிறேன்.

இந்த ஊரில் அந்தப் பழைய கருவி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நான் படியேறி இறங்குகிறேன். ‘இது நல்லா வேலை செய்யுதா தம்பி’ என்று கேட்பார்கள். என் வீட்டில் மட்டும் புதியதை மாட்டிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? எல்லோருக்கும் புதியது தா, அல்லது எங்களுக்கும் வேண்டா என்று மேலாளரின் முன் நின்று பேசியவன் நான். அந்தச் சொல்லுக்கு இந்தப் பெட்டி சமமன்று.

அப்பாவிடமும் கேட்டேன். “எல்லார் வீட்டுக்கும் வருதாடா?” என்றார். இல்லை என்றேன். “அப்போ நமக்கு மட்டும் எதுக்கு? சீட்டுல உக்காந்து போய் எனக்குப் பழக்கமில்ல. நின்னுக்கிட்டே போனவன்டா நான்.” பிறகு, “அக்காகிட்ட கோபமா எழுதாத. அவ பாவம், கூட்டத்தைக் கட்டி மேய்க்கிறா. கூட்டத்தை மேய்க்கிற கஷ்டம் எனக்குத் தெரியும்” என்றார். கோபமாக எழுதவில்லை என்று அவரிடம் பொய் சொன்னேன்.

வழங்கியை நடத்தும் நிறுவனம் புதிய பதிப்புக்கு மாறுமுன் எங்களுக்கு அறிவிக்கும் என்று ஒப்பந்தம் சொல்கிறதாம். அறிவிப்பு வந்த நாளில் எல்லா வீட்டுக்கும் நானே ஓடுவேன். அதுவரை பொறுத்திருப்போம்.

தம்பி


செப்தம்பர் 27

தம்பி,

அப்பாவின் காரியத்துக்கு வந்து வீட்டில் அத்தனை நாள் இருந்தேன். நீ என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாய், தண்ணீர் கொடுத்தாய், எனக்கும் கொடுத்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. உன் மனைவிதான் சமையலறையில் நின்று எனக்கு எல்லாம் சொன்னாள். வழங்கி நிறுவனத்தின் அறிவிப்பு உங்கள் மருத்துவமனையில் வேலையை விட்டுப் போன ஒருவரின் அஞ்சற்பெட்டிக்கு வந்து கிடந்ததாம். நீ பணியில் இருந்தாயாம்; உன் எதிரே இருந்த பலகையில் அப்பாவின் பெயருக்கு நேரே எந்த எச்சரிக்கைக் குறியும் இல்லையாம். பள்ளி வேலை முடிந்து திரும்பியவள், அவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாளாம். “விளக்கு பச்சையாத்தான் இருந்துச்சு அண்ணி. அதனாலதான் நான் அவசரப்படல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளிடம் அன்பாக இரு.

தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டேன். சென்ற வாரக் கூட்டத்தில் மேடையில் அமரவில்லை. வரிசையில் நின்று ஒலிவாங்கிக்கு வந்தேன். விதியை மீட்கும் புதிய வரைவை நானே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். என் இழுப்பறையைப் பற்றியும் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்னோடு ஆண்டுக்கணக்கில் சண்டையிட்ட பெருநிறுவனப் பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதிய தலைவர் கேட்டார்: ‘இந்த வேலையைக் குழு எடுத்துக்கொள்ள வேண்டும் என்போர் முரலுங்கள்.’ தம்பி, அப்படி ஒரு முரலை என் வாழ்நாளில் கேட்டதில்லை. வேண்டா என்போர் என்றபோது ஒரு மூச்சும் எழவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அடுத்து அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “சரி, யார் இதை எழுதப் போறீங்க? யார் படிச்சுக் கருத்துச் சொல்வீங்க? யார் உங்க சர்வர்ல போட்டுச் சோதிச்சுப் பார்ப்பீங்க?”

ஒரு கையும் எழவில்லை.

“எங்க நிறுவனத்துல பழைய பதிப்பு வேலைக்கு ஆளே இல்ல மேடம்” என்றார் கண்ணைத் துடைத்தவர். “மனசார ஆதரிக்கிறேன். நேரம் மட்டும் கேக்காதீங்க.” இன்னொருவர், “தாக்குதலுக்கு வழி விடாம எப்படிப் பதில் சொல்றது, அதுக்கு விடை கண்டுபிடிச்சீங்கன்னா கண்டிப்பா பார்க்கலாம்” என்றார். அந்த விடை என்னிடம் இல்லை. உணவு வேளை நெருங்கியிருந்தது. அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

எதிர்த்தவர் இருந்தால் வாதாடியிருப்பேன். எதிர்ப்பவரே இல்லாத இடத்தில் எவரோடு வாதாடுவது? ஆறு மாதத்துக்குள் எவரும் கை வைக்காத வரைவு தானே காலாவதியாகும். அதற்குள் ஒரு பெயராவது கூட வேண்டும். உன் பெயரைச் சேர்க்க ஒப்புவாயா? மறுத்தாலும் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


நவம்பர் 14

அக்கா,

உன் வரைவைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். என் பெயரைச் சேர்க்காதே. பெயர் கொடுத்தவன் உழைக்க வேண்டும். எனக்கு அதற்கு வேளை இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

மருத்துவமனையில் விசாரணை நடந்து முடிந்தது. வழங்கி நிறுவனத்தார் உங்கள் ஆவணத்தின் எண்ணை எழுதி, ‘அனைத்தும் தரநிலைப்படியே நடந்தது’ என்று ஒரு வரியில் விடையளித்தார்கள். மேலாளர் அந்த வரியை என்னிடம் காட்டி, “பாருப்பா, யார் மேலயும் தப்பில்ல” என்றார். உண்மைதான். உன்மேல் தப்பில்லை, நீ விதிப்படி நடந்தாய். என்மேல் தப்பில்லை, நான் சொன்ன சொல்லைக் காத்தேன். திருப்பி அனுப்பிய அந்தப் பெட்டியைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுதாமல் விட்டாய், அதைத்தான் தாங்க முடியவில்லை. நாம் இருவரும் அப்பாவுக்குக் கறையற்ற பிள்ளைகளாய் இருந்தோம். அவருக்கு வேண்டியிருந்தது அதுவன்று.

புதிய கருவிகளுக்கு அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை பழையவை வீடுகளில் பச்சை விளக்கு எரித்து ஏமாற்றிக்கொண்டிருக்க நான் விடவில்லை. வீடு வீடாகப் போய்க் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். நோயாளிகளில் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், அவர் மனைவி காது கேளாதவர். அவர் மட்டும் கருவியின் கம்பியை விடவில்லை. “இதுக்குப் பதிலா என்னப்பா குடுக்கப் போற?” என்றார். வேலை செய்யாத கருவி ஐயா என்றேன். “அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இவளுக்குத் தெரியாதே. இது இருக்குன்னுதான் இவ தூங்குறா” என்றார்.

என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை. சுவரில் என் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதினேன். அவருக்கு மூச்சு முட்டினால் இந்த எண்ணுக்கு அழையுங்கள், பேச வேண்டா, நான் ஆளோடு வருவேன் என்று அந்த அம்மாவுக்குக் கையசைத்துக் காட்டினேன். ஒரு வீட்டில் எழுதியபின் மற்ற வீடுகளில் எழுதாமல் விட முடியுமா? கழற்றிய எல்லா வீட்டிலும் எழுதினேன்.

அன்றிலிருந்து அழைக்கிறார்கள். மூச்சு முட்டினால் அழைக்கிறார்கள். முட்டாதபோதும், எடுக்கிறேனா என்று பார்க்க அழைக்கிறார்கள். “ஒண்ணுமில்ல தம்பி, இருக்கியான்னு கேட்டேன்.” இருக்கேம்மா என்கிறேன். குளிக்கும்போதும் அறைக்கு வெளியே தொலைபேசியை ஏந்திக்கொண்டு என் மனைவி நிற்கிறாள். மேலாளர், இது மருத்துவமனையின் பொறுப்பில் வராது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். வரவேண்டா.

நேற்றுப் பிற்பகல் இருவர் ஒரே வேளையில் அழைத்தனர். ஒருவருக்கு விடை சொன்னேன்.

தம்பி